இருமல் நின்ற வாரம்

நவம்பர் 7, வியாழன்

நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது வார்டு சிஸ்டர், "ஒரு நோட்டு போட்டுக்கங்க வாணி. பாப்பா எத்தனை தடவை பால் குடிக்குது, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுதுன்னு எழுதி வைங்க. நான் போன் பண்ணிக் கேப்பேன்" என்றார். எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஏழு வருடமாக மேட்டூர் அணையில் நீர்மட்டம் குறித்து எழுதுவதுதான் என் வேலை. காலை எட்டு மணிக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. இப்போது அதையே மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிருக்கு எழுதுகிறேன்.

பால் 9. மூத்திரம் 7.

பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. ஆனால் விரல்களில் நகம் இருக்கிறது, வெட்ட வேண்டிய நீளத்துக்கு. இன்று காலை வெகுநேரம் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பஸ்ஸுக்கு நின்றபோதும், ஆபீசில் டீ குடித்தபோதும், கணவர் மாதேஷிடம் சண்டை போட்டபோதும் எனக்குள்ளே ஒருத்தி சத்தமில்லாமல் நகம் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா இறந்து ஆறு வருடம். பிரசவத்துக்கு யார் வந்து இருப்பார்கள் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு பையோடு வந்து இறங்கினார். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். பத்தியச் சமையலைத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுத் துண்டுக் காகிதங்களில் எழுதி வந்திருக்கிறார். இன்று பூண்டுக் குழம்பு. உப்பே போடவில்லை. "போடக் கூடாதுன்னு எழுதியிருக்கு கண்ணு" என்கிறார். யார் சொன்னார்கள் என்று அவருக்கே நினைவில்லை.

ஒன்றுதான் தொந்தரவு. ஆஸ்பத்திரியிலேயே தொற்றிக்கொண்ட வறட்டு இருமல்.

நவம்பர் 8, வெள்ளி

பால் 9. மூத்திரம் 8.

ஒவ்வொரு இருமலுக்கும் வயிற்றில் சிசேரியன் தையல் பிரிவது போல இருக்கிறது. ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுகிறேன். நான் இருமும்போதெல்லாம் பாப்பா இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிப்போட்டு, காற்றில் எதையோ பிடிக்கப் பார்க்கிறாள். விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாளாம். சிஸ்டர் சொன்னார். எங்கேயும் விழுந்தே பார்க்காத ஒருத்திக்கு விழுவது என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

இருமலைப் பற்றியும் சிஸ்டரிடம் சொன்னேன். வெந்நீர் குடிக்கச் சொன்னார். ஆவி பிடிக்கச் சொன்னார். "ரெண்டு நாள்ல கொறையலைன்னா இங்க வந்து காட்டுங்க. நீங்களா எதையும் வாங்கிக் குடிச்சிராதீங்க, பால் குடுக்குறீங்க" என்றார். சரி என்றேன்.

அப்பா கஷாயத்துக்கு ஆடாதோடை இலை தேடிப் போயிருக்கிறார்.

நவம்பர் 9, சனி

காலையில் இருமி இருமிக் கண்ணீரே வந்துவிட்டது. தையல் போட்ட இடத்தில் துணியில் ஒரு சொட்டு ரத்தம். மாதேஷ் அதைப் பார்த்து முகம் வெளுத்துப்போனார். கடையில் நாள் முழுக்கப் பழைய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர். கையில் கம்பி கிழித்து ரத்தம் வந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். என் துணியில் இருந்த ஒரு சொட்டைத்தான் பார்க்க முடியவில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார்.

"செப்டம்பர்ல எனக்கு இருமல் வந்தப்ப டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அது. அஞ்சு நாளைக்குக் குடுத்தாரு. நான் ரெண்டு வேளைதான் குடிச்சேன், நின்னுடுச்சு. அப்படியே இருக்கு பாரு."

"நான் குடிக்கலாமாங்க?"

"சும்மா கடையில வாங்குனது இல்ல வாணி. சீட்டு இல்லாமத் தரவே மாட்டாங்க. அவ்வளவு நல்ல மருந்து."

பாட்டிலில் அவர் பெயர் எழுதிய சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சிவப்புக் கட்டம் போட்டு ஆங்கிலத்தில் பொடி எழுத்து. இரண்டு வரி படித்தேன். அதற்குள் அடுத்த இருமல் வந்துவிட்டது. மருந்து வந்த அட்டைப் பெட்டியையும் அதற்குள் இருந்த மடித்த காகிதத்தையும் அப்போதே எறிந்துவிட்டாராம்.

ஒரு மூடி குடித்தேன். அரை மணி நேரத்தில் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று நாளாகத் தொண்டைக்குள் யாரோ கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று போய்விட்டார்கள். வீடு எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் கேட்டது. பாப்பாவின் மூச்சு கேட்டது. சமையலறையில் அப்பா வெங்காயம் நறுக்குவது கேட்டது. ஒரு மூடித் தண்ணீர் ஓர் உடம்பை இப்படி அடக்கிவிடுமா!

சாயங்காலம் இன்னொரு மூடி.

பால் 8. மூத்திரம் 7.

நவம்பர் 10, ஞாயிறு

பால் 8. மூத்திரம் 6.

இன்று மொத்தமே நான்கு முறைதான் இருமினேன். காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி.

வெயில் ஜன்னல் வழியாக வந்து பாப்பாவின் காதில் விழுந்தது. காது சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே மயிரிழை போல ரத்தக் குழாய்கள், இலையின் நரம்பு மாதிரி. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பா வந்து, "சோறு ஆறிப்போச்சு கண்ணு" என்றபோதுதான் மணி மூன்று என்று தெரிந்தது.

சிஸ்டர் போன் செய்தார். இருமல் எப்படி என்றார். குறைந்துவிட்டது என்றேன். ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று கேட்டார். கஷாயம் மட்டும்தான் என்று சொன்னேன். மாதேஷின் மருந்து, செப்டம்பர், சீட்டு என்று எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

பால் 7. மூத்திரம் 5. பாப்பா நன்றாகத் தூங்குகிறாள். நானும்.

நவம்பர் 12, செவ்வாய்

பால் 6. மூத்திரம் 4.

பக்கத்து வீட்டு லூர்து சாரும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேரன் இதே வயதில் வீட்டையே இரண்டாக்குவானாம். "உங்க பொண்ணு தவம் பண்ற மாதிரி தூங்குதே. குடுத்து வச்சிருக்கணும்" என்றார் அந்த அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அமைதியாக இருக்கிறேன், அதனால் அவளும் அமைதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து குடித்துக் கொஞ்ச நேரத்தில் காலிலிருந்து ஒரு வெதுவெதுப்பு ஏறுகிறது. ஆடி மாதம் ஆற்றில் இறங்கினால் முதலில் பாதம், பிறகு முழங்கால் என்று தண்ணீர் பிடித்துக்கொள்ளுமே, அதுபோல. ஆனால் இது சுடுதண்ணீர். அப்போது பாப்பாவைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கும் என்று தோன்றுகிறது. உலகத்தில் யாருக்கும் எதுவும் ஆகாது என்று தோன்றுகிறது.

தொண்டையில் லேசாக அரித்தது. அதனால் மத்தியானமும் ஒரு மூடி.

அப்பா, "இருமல் நின்னாப்பலதானே இருக்கு, இன்னும் எதுக்கு அது?" என்று கேட்டார். பாதியில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு வெளிக்குப் போகவே இல்லை. நான்கு நாளாகிறது. தையல்தான் காரணமாக இருக்கும்.

நவம்பர் 13, புதன்

பால் 5. மூத்திரம் 3.

மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருக்கிறது. பால் தானாக வழிந்து ஜாக்கெட் நனைகிறது. ஆனால் அவள் இரண்டு முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறாள். வாயோரத்தில் பால் அப்படியே நிற்கிறது. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். கோயிலில் அபிஷேகம் முடிந்து திரை விலக்கும்போது பார்ப்பது போல இருக்கிறது.

மத்தியானம் அப்பா அவளைத் தூக்கிப் பார்த்தார். கை இரண்டும் கீழே தொங்கின.

"புள்ள அழுது நான் கேட்டே ரெண்டு நாளாச்சு."

"அழாம இருந்தா நல்லதுதானேப்பா."

"பசிச்சா அழுவணும் கண்ணு. முப்பது வருசம் பஸ்ல ஆளுங்க தூங்குறதக் கண்ணாடியில பாத்துட்டு வந்தவன் நான். தூக்கம் வேற, மயக்கம் வேற."

"உங்களுக்கு எல்லாத்துலயும் பயம். அம்மாவுக்கும் இப்படித்தான் சும்மா சும்மா பயந்தீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அம்மா விஷயத்தில் அவர் பயந்ததுதான் நடந்தது. அவர் குழந்தையை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

என் கையெழுத்து ஏன் இப்படிச் சாய்ந்து போகிறது?

நவம்பர் 14, வியாழன்

பால் 4. அல்லது 3. எழுத மறந்துவிட்டேன். மூத்திரம் 2.

பாட்டில் இவ்வளவு காலியாக இருக்கிறதே என்று மாதேஷ் கேட்டார். கை தவறிக் கொஞ்சம் கொட்டிவிட்டது என்று சொன்னேன்.

நவம்பர் 16, சனி

நேற்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன், ஒன்று விடாமல். ஆஸ்பத்திரியில், பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். காலையிலிருந்து அவள் பால் குடிக்கவில்லை. எழுப்பிப் பார்த்தேன். எழவில்லை. பிறகு எழுப்பலாம் என்று நானும் கண்ணயர்ந்துவிட்டேன். அப்பா ரசம் சாதம் கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் உள்ளங்காலில் விரலால் சுண்டினார். எந்தக் குழந்தையும் காலை இழுத்துக்கொள்ளும். இவள் இழுக்கவில்லை. இன்னொரு முறை, பலமாகச் சுண்டினார்.

"வாணி, எந்திரி. மூச்சப் பாரு."

பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வரை வந்துவிட்டது. பிறகு, யாரோ மறந்துபோனதை நினைவுபடுத்தினாற்போல, ஒரு மூச்சு. உதட்டைச் சுற்றி நாவல் பழம் தின்ற நிறம்.

அப்பா செருப்புப் போடாமல் ஓடிப்போய் லூர்து சாரிடம் கார் சாவி வாங்கி வந்தார். பஸ் ஓட்டுவதை விட்டு ஐந்து வருடமாகிறது. நான் பின்சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டேன். "அவகிட்டப் பேசிக்கிட்டே வா. காலத் தேச்சுவிடு. நிறுத்தாத" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீர்மட்டம் சொன்னேன். "நூத்திப் பதினாறு அடி, நூத்திப் பதினேழு அடி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மூச்சு நிற்கும்போதும் காலைக் கிள்ளினேன். கிள்ளினால் ஒரு மூச்சு வந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் நஸ்ரீன் என்று ஒரு சின்ன வயது டாக்டர். குழந்தையைக் கையில் வாங்கி மேசையில் போட்டார். முகத்தில் சின்ன மாஸ்க் வைத்து, ஒரு நர்ஸ் ரப்பர் பையை அழுத்தி அழுத்திக் காற்று கொடுத்தார். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். குறைந்திருந்தது, ஆனால் இந்த அளவு மயக்கத்துக்கு அது போதாது என்றார்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் அவள் இமையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கண்ணுமணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கு. நீங்க என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"இரும்புச்சத்து மாத்திரை. கால்சியம்."

"வேற?"

அந்த ரப்பர் பை அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேற என்னம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். எனக்கு நேரம் இல்ல."

"இருமல் மருந்து."

"என்ன பேரு?"

பெயர் நினைவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து நீட்டினார். கிளம்பும் அவசரத்தில் செருப்பை மறந்தவர் அதை மறக்கவில்லை.

டாக்டர் சிவப்புக் கட்டத்தை ஒரு நொடிதான் பார்த்தார். "எத்தனை நாளா? ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஏழு நாளா. ஒரு மூடி, ரெண்டு வேளை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைச் சாய்த்து, அடியில் மிச்சம் இருந்ததையும் பார்த்தார்.

"இல்லைங்க," என்றேன். "அப்பறம் மூணு. கடைசி ரெண்டு நாள் நாலு வேளை. இன்னிக்குக் காலையிலயும் ஒரு மூடி."

அவர் நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். கையில் நரம்பு கிடைக்கவில்லை. தொடையில் போட்டார்கள். குண்டூசி அளவு ஊசி, அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் மருந்து.

சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடத்தில் அவள் வலது கால் சுண்டுவிரல் அசைந்தது. முதலில் பார்த்தது நான்தான். பிறகு கால். பிறகு, ஏதோ அடியாழத்திலிருந்து மேலே வருகிறவள் போல, வாயை அகலத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சின்ன உடம்புக்குள் எங்கே போகிறது அந்தக் காற்றெல்லாம் என்று நினைத்தேன்.

அழுதாள்.

அணை நிரம்பி மதகுகளைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கால் வைத்த தரையே அதிரும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதைவிடப் பெரிதாக எதையும் கேட்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்த அறையில் கேட்டேன். முகமெல்லாம் சிவந்து, முஷ்டி இரண்டையும் இறுக்கி, கோபம் கோபமாக அழுதாள். நர்ஸ் மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சிரித்தார். அப்பா அப்போதுதான் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

இருமல் மருந்தை முறிக்கிற அந்த ஊசியின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். உடம்புக்குள் இருக்கும் இருமல் மருந்து அதைவிட அதிக நேரம் தங்குமாம். அதனால் வெள்ளி சாயங்காலமே அவள் மறுபடி மூச்சு மந்தமாகி, இன்னொரு முறை போட்டார்கள். நேற்றிலிருந்து தேவைப்படவில்லை. ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை. மானிட்டரில் பச்சைக் கோடு ஓடுகிறது. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மூச்சு, நாற்பத்தைந்து, நாற்பத்து மூன்று.

டாக்டர் இன்று என்னையும் மாதேஷையும் உட்கார வைத்துப் பேசினார். அந்த மருந்தில் கோடீன் என்று ஒன்று இருக்கிறதாம். அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்புக்குள் போனதும் அதில் கொஞ்சம் மார்ஃபினாக மாறும். அதுதான் மூளையில் இருமலையும் வலியையும் அடக்குகிறது. அளவு மீறினால் மூச்சையும் அடக்கும்.

"சிலர் உடம்பு அதை ரொம்ப வேகமா மாத்திடும். பிறவியிலயே அப்படி. உங்களுது அப்படியா இருக்கலாம். யாருக்குன்னு வெளியில பாத்துத் தெரியாது. அதனாலதான் பால் குடுக்கிற அம்மாவுக்கு இதைக் குடுக்கிறதே இல்ல. பால்ல போகுது. பாப்பாவுக்கு அதை வெளியேத்துற தெம்பு இன்னும் வரல. சின்னப் பிள்ளைங்களுக்கும் குடுக்கக் கூடாது."

மாதேஷ் தலைகுனிந்தபடியே, "எனக்கு ஒண்ணும் ஆகலையேங்க டாக்டர்" என்றார்.

"உங்களுக்கு ஏன் ஆகணும்? உங்களைப் பாத்து, உங்களுக்குனு அளந்து, அஞ்சு நாளைக்குனு எழுதினது. அன்னிக்கு அது சரியான மருந்துதான். மிச்சத்தைக் கொண்டுபோய் மருந்துக் கடையில கேட்டு ஒழிச்சிருக்கணும். ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தீங்க, இவங்க எடுத்துக்கிட்டாங்க. அதுவும் கூடக் கூட எடுத்துருக்காங்க. தூக்க மாத்திரையோ குடியோ சேந்திருந்தா பெரியவங்களுக்கே மூச்சு நின்னுடும்."

என் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கொட்டாவி நிற்கவில்லை. காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. என் உடம்பும் அதற்குக் கொஞ்சம் பழகிவிட்டதாம். சில நாளில் சரியாகிவிடும், தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள் என்றார்.

"இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றுகிறேன். இந்தப் பால் போய்ப் புதுப் பால் வரட்டும் என்றார்கள். வெள்ளையாகத்தான் இருக்கிறது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்குப் பால் வங்கியிலிருந்து வந்ததைப் பாலாடையில் கொடுக்கிறார்கள். கண்ணை அகலத் திறந்து, மடக் மடக்கென்று குடிக்கிறாள். அவள் கண்கள் இவ்வளவு கறுப்பு என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒரு வாரமாக அவற்றை நான் பார்க்கவே இல்லை.

நவம்பர் 18, திங்கள்

பாலாடை 8. மூத்திரம் 7.

மாதேஷ் சாப்பிடவில்லை. போனில் யார் விசாரித்தாலும், "நான்தான் மருந்து எடுத்துக் குடுத்தேன். என் தப்பு" என்கிறார். தன் அக்காவிடம் சொன்னார். லூர்து சாரிடம் சொன்னார். ஆஸ்பத்திரி காவலாளியிடம்கூடச் சொன்னார். குழந்தையை நர்ஸ் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நிற்கிறார்.

அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. காலையில் இட்லி கொண்டுவந்தார். "அன்னிக்கு அம்மாவைப் பத்திச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "தின்னு முதல்ல" என்றார். சட்னியில் உப்பு இருந்தது.

மாதேஷ் எல்லோரிடமும் அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். பேசாமல் இருக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று மாலையிலிருந்து தாய்ப்பால் கொடுக்கலாம் என்று காலையில் டாக்டர் சொன்னார். குழந்தையை வார்டுக்கு, எனக்குக் கொடுத்த கட்டிலுக்கே மாற்றிவிட்டார்கள். இனி பாலில் ஒன்றும் இருக்காதா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். அவர் தோளுக்குப் பின்னால் மாதேஷ் நின்றிருந்தார். மூன்று நாள் தாடி.

நான்கு மணிக்கு அப்பா டீ வாங்கப் போனார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பிப் படுக்கிற, மூக்கைச் சுளிக்கிற, உண்மையான தூக்கம். மாதேஷ் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"ஏங்க, இங்க உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தார்.

"இருமல் மூணாவது நாளே நின்னுடுச்சு."

அவருக்குப் புரியவில்லை. "எப்ப?"

"நீங்க குடுத்தீங்கல்ல, சனிக்கிழமை. திங்கக்கிழமை சுத்தமா நின்னுடுச்சு. அதுக்கப்பறம் நான் குடிச்சது இருமலுக்கு இல்ல. பாட்டில் கொட்டவும் இல்ல. நீங்க ரெண்டு மூடி குடுத்தீங்க. மிச்சமெல்லாம் நானா எடுத்துக் குடிச்சேன். சிஸ்டர் கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனை வந்தது.

"அப்பறம் எதுக்கு வாணி?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அதைக் குடிச்சா பயமே இல்லீங்க. இவளைப் பாக்கப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த நகம், அந்தக் காது. இவ்வளவு பெரிசக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்களேன்னு. நான் எப்படிப் பாத்துக்குவேன்? எங்கயாவது கை தவறிட்டா? அந்த மருந்து குடிச்சா அதெல்லாம் தூரமாப் போயிடும். அழகா மட்டும் இருப்பா."

சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் நியாயம்தான்.

"நான் கடையில மத்தியானமே வேலைய முடிச்சுட்டு ஏழு மணி வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன்," என்றார் மெதுவாக. "தெனமும். வீட்டுக்கு வந்தா தூக்கச் சொல்லுவியேன்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்குக் கோபமும் இருந்தது. அது உடனே போய்விடாது என்றும் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும்" என்றார்.

"நாளைக்குக் காலையில சொல்லிடறேன்."

"நானும் கூட வரேன்."

அப்போது பாப்பா முனகினாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வாயைத் திறந்து காற்றில் தேடினாள். முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தாள். அதில் பால் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் கோணியது. அடுத்து என்ன வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் கை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை.

மாதேஷ் எழுந்துபோய்க் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து, ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்து, நர்ஸுகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல, அவளைத் தூக்கினார். அவர் உள்ளங்கையிலேயே அவள் முதுகு முழுவதும் அடங்கிவிட்டது. அவளைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு என் மடியில் கொண்டுவந்து வைத்தார்.

"பசிக்குது இவளுக்கு," என்றார். "குடு."

அவள் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பலம்! வலியில் நான் "ஆ" என்று கத்திவிட்டேன். டீயோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் எங்கள் மூன்று பேரையும் சட்டை செய்யவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, கன்னம் குழிய, தொண்டையில் சத்தம் வர, விழுங்கிக்கொண்டிருந்தாள்.